நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு புத்தகம்: எதை முதலில் எடுப்பது?

"படிக்கிற பழக்கமே விட்டுப்போச்சு. திரும்பத் தொடங்கணும், ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் பொன்னியின் செல்வன் என்று சொல்லிவிடுவார்கள். அது மோசமான பதில் இல்லை. ஆனால் கேட்டவருக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அவர் கடைசியாகப் படித்தது என்ன, எந்த இடத்தில் படிப்பை விட்டார் என்று எதையும் விசாரிக்காமல் சொல்லும் பதில் அது. நிறையப் பேர் அந்தப் பதிலை நம்பி ஐந்து பாகங்களையும் வாங்கி, முதல் பாகத்தோடு நின்றுபோயிருக்கிறார்கள்.

நான் விமர்சகன் இல்லை. வேலை முடிந்து, சாப்பாடு முடிந்து, தூக்கம் வருவதற்குள் கிடைக்கிற நேரத்தில் படிக்கிறவன். சரித்திரக் கதை, கிராமத்துக் கதை, சிறுகதை, தன்வரலாறு என்று கைக்கு வந்ததைப் படிப்பேன். அந்த அனுபவத்தில், இப்படிக் கேட்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் ஆறு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எது பெரிய இலக்கியம் என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. என் அளவுகோல் வேறு. முதல் முப்பது பக்கம் கையைப் பிடித்து இழுக்கிறதா? நடுவில் நான்கு நாள் விட்டுவிட்டு வந்தால் கதை கைநழுவிப் போய்விடுமா? முடித்த பிறகு இன்னொன்றை எடுக்கத் தோன்றுமா? மூன்றில் நடுவில் இருப்பதுதான் முக்கியம். பழக்கம் விட்டுப்போனவர் தினமும் படிக்கப்போவதில்லை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் மாதக் கடைசி, ஊரில் ஒரு கல்யாணம் என்று ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். அந்த இடைவெளிகளைத் தாங்குகிற புத்தகம்தான் முதலில் வேண்டும்.

பொன்னியின் செல்வனிலிருந்தே தொடங்கலாம். கல்கி எழுதிய இந்தச் சரித்திர நாவல், அவருடைய கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஐந்து பாகங்கள், மொத்தம் 293 அத்தியாயங்கள். கடைசிப் பாகமான தியாக சிகரம் மட்டுமே 91 அத்தியாயங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற தொடக்கத்தை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் உற்சாகம் வரும். கொஞ்ச தூரத்திலேயே ஆழ்வார்க்கடியான் கைத்தடியோடு வாதத்துக்கு நிற்கிறார். அன்று இரவே கடம்பூர் மாளிகையில் சதியாலோசனை. முதல் முப்பது பக்கப் பரீட்சையில் இதை அடிக்க ஆளே இல்லை. வாரா வாரம் வாசகரைக் காத்திருக்க வைக்க எழுதப்பட்டது என்பதால், ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைப் புரட்ட வைக்கிற மாதிரிதான் முடியும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த உத்தி நாலு வருடம் வாரம் ஒன்றாகப் படித்தவர்களுக்காகச் செய்யப்பட்டது. ஒரே மூச்சில் படிக்கும்போது நடுப் பாகங்களில் ஒரே செய்தியைப் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்வது தெரியும். போன மாதம் படித்ததை மறந்துபோன தொடர்கதை வாசகருக்கு அது உதவி. நமக்கு அது தொய்வு. தொய்வு வருகிற இடத்தில் நான்கு நாள் இடைவெளியும் சேர்ந்தால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். பல வீடுகளில் பார்க்கலாம்: முதல் பாகத்தின் அட்டை கசங்கியிருக்கும், நான்காவதும் ஐந்தாவதும் வாங்கிய மேனிக்கே மினுங்கும்.

இன்னொன்று, முடிவு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் யார் கை என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லாமல்தான் விடுகிறார். வரலாற்றிலேயே தெளிவில்லாத ஒன்றை அவர் அப்படிக் கையாண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் படித்து வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். அந்தக் காலத்து வாசகர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு அவர் தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது.

2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரண்டு படங்களும் வந்த பிறகு ஒரு வசதி உண்டு. பெயரைக் கேட்டதும் முகம் ஞாபகம் வரும், யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்ப வேண்டாம். படம் பார்த்துவிட்டு ஆசையோடு இருப்பவர், கையில் ஒரு நீண்ட விடுமுறையும் இருக்கிறது என்றால் தாராளமாக இதையே எடுக்கலாம். வாங்குவதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் மலிவான பதிப்புகள் ஏராளம். சிலவற்றில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், பிழை மலிந்திருக்கும். கடையில் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு பத்தி படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இலவசமாகவும் கிடைக்கிறது, ஆனால் இவ்வளவு பெரிய கதையைப் போன் திரையில் படித்து முடிப்பது முதல் முயற்சிக்கு ஆகாது.

பெரிய புத்தகங்களில் அடுத்தது உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம். இதைப் பரிந்துரைப்பவர்கள் குறைவு. ஆனால் பரிந்துரைப்பவர்கள் அதை அவ்வளவு பிரியமாகச் சொல்வார்கள். 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942-ல் அவர் இறந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோன தன்வரலாறு. பாடப்புத்தகத்தில் தமிழ்த் தாத்தா என்று படித்த ஞாபகத்தில் நிறையப் பேர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமே இல்லை. நடை நேரானது, நிதானமானது.

மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கச் சேருகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பையனின் பெயர் வேங்கடராமன். அந்தப் பெயரைக் கூப்பிடுவதில் ஆசிரியருக்கு விருப்பமில்லை. வேறு பெயர் உண்டா என்று கேட்கிறார். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் சாமிநாதன் ஆகிறான். அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொள்கிறான். தமிழ் படிக்கிற மாணவன் சங்கீதத்தில் மனதைச் செலுத்துவது ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை விட்டுவிடுகிறான். அந்த இளம் மனதின் தவிப்பு, ஆசிரியர் முகம் சுளித்துவிடக் கூடாதே என்கிற பயம், தகப்பனாரின் வறுமை, எல்லாம் நேற்று நடந்தது மாதிரி இருக்கும். பிறகு 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடம். தான் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக்கொண்டே போகிறார் சாமிநாதையர். முதலியார் அசைவதாக இல்லை. இதற்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்பதுதான் அவர் கேள்வி. அந்த ஒரு சந்திப்பு சீவக சிந்தாமணியில் கொண்டுபோய் விட்டது. 1887-ல் அது அச்சில் வந்தது. தமிழில் இதைவிட விறுவிறுப்பான சந்திப்பு நாவல்களில்கூட அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

இடைவெளிப் பரீட்சையில் இது பாதி தேறும். அத்தியாயங்கள் சிறியவை, தனித்தனியாகவும் சுவை உண்டு. ஆனால் மடத்து மனிதர்கள், மிராசுதார்கள், வித்துவான்கள் என்று பெயர்கள் குவிந்துகொண்டே போகும். ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தால் யார் இந்தத் தம்பிரான் என்று பின்னால் புரட்டவேண்டியிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு, காலையில் ஒரு மணி நேரம் தனக்கென்று உள்ளவருக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு இது மூன்றாவது நான்காவது புத்தகமாக இருக்கட்டும்.

அடுத்து ஜெயமோகனின் அறம். 2011-ல் வந்த சிறுகதைத் தொகுப்பு, உண்மையாக வாழ்ந்த மனிதர்களை அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட கதைகள். பழக்கம் விட்டுப்போனவர்களுக்குச் சிறுகதைதான் சரி என்று பலரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓர் இரவுக்கு ஒரு கதை, முடிந்தது. அடுத்த கதையைப் பத்து நாள் கழித்து எடுத்தாலும் எதுவும் மறந்துபோகாது. இடைவெளியைத் தாங்குவதில் ஆறு புத்தகங்களில் இதற்குத்தான் முதலிடம்.

இதில் சோற்றுக்கணக்கு என்ற கதையைப் படித்தவர்கள் மறப்பதில்லை. திருவனந்தபுரத்தில் சாலை என்ற பகுதியில் கெத்தேல் சாகிப் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். சாப்பிட்டவர் உண்டியல் மாதிரி வைத்திருக்கும் டப்பாவில் முடிந்ததைப் போட்டுவிட்டுப் போகலாம், போடாமலும் போகலாம். சாகிப் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பசியோடு படிக்க வந்த பையன் ஒருவனுக்கு அவர் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறார். பெரிய மீன் துண்டு, கோழி என்று அவன் இலையில் விழுந்துகொண்டே இருக்கிறது. பின்னால் வேலை கிடைத்து, பணத்தை அந்த டப்பாவில் அவன் கொண்டுவந்து போடுகிறான். நிறைந்து, இன்னொரு டப்பா வைக்க வைத்து, திரும்பத் திரும்பப் போடுகிறான். சாகிப் கவனிக்கவேயில்லை. முன்பு எப்படிப் பரிமாறினாரோ அப்படியே பரிமாறுகிறார். எண்ணிப் பார்க்காத ஒருவருக்குக் கடனை எப்படி அடைப்பது என்று அவன் தவிக்கிற இடத்தில் நானும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யானை டாக்டரும் அப்படித்தான். சுற்றுலா போகிறவர்கள் காட்டில் வீசி எறியும் பீர் பாட்டில் ஒரு யானையின் காலில் ஏறினால் அதற்கு என்ன ஆகும் என்பதை அந்தக் கதையில் படித்த பிறகு, மலைப்பாதை ஓரத்தில் உடைந்த கண்ணாடி கிடந்தால் உங்களால் சும்மா தாண்டிப் போக முடியாது.

இருந்தும் இதை முதல் புத்தகமாகச் சொல்லத் தயக்கம் இருக்கிறது. கதைகள் ஒவ்வொன்றும் வாசகரின் உணர்ச்சியை உச்சிக்குக் கொண்டுபோகின்றன. நாலு கதைகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு களைப்பு வரும். கண்ணீர் எந்தப் பக்கத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். நூறு நாற்காலிகள் என்ற கதையைப் படுக்கப் போகும் நேரத்தில் படிக்கவே கூடாது, தூக்கம் போய்விடும். அப்புறம், இதைப் படித்து முடித்தவர்கள் அடுத்த புத்தகத்திலும் இதே அளவு அதிர்வை எதிர்பார்க்கிறார்கள். அது கிடைக்காதபோது அந்தப் புத்தகத்தைச் சப்பென்று இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். என் மூன்றாவது அளவுகோலில் இது சறுக்குவது அதனால்தான். கையில் காசு இல்லை, இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றால் இந்தக் கதைகளை ஆசிரியரின் இணையதளத்திலேயே படிக்கலாம் என்பது பெரிய வசதி.

அசோகமித்திரனின் தண்ணீர் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இந்த ஆறில் நான் அதிகம் விரும்புவது இதைத்தான். ஏறக்குறைய நூற்றைம்பது பக்கம். 1970-களின் சென்னை, தண்ணீர்ப் பஞ்சம். ஒரு தெரு, சில குடித்தனங்கள், அடிபம்பு, தோண்டிப் போட்ட சாலை. ஜமுனா சினிமாவில் நடிக்கும் ஆசையில் பாஸ்கர் ராவ் என்பவனை நம்பிச் சீரழிந்து நிற்கிறாள். தங்கை சாயா வேலைக்குப் போகிறாள், கணவன் ராணுவத்தில். இந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் இருக்கும் கோபமும் பாசமும், தண்ணீர்க் குடங்களுக்கு நடுவிலேயே நடந்து முடிகிறது. அசோகமித்திரன் பல வருடங்கள் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். காரில் வந்து வாசலில் நின்று, படத்தில் வாய்ப்பு என்று சொல்லி அழைத்துப்போகிற மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாஸ்கர் ராவை அவர் ஒரு இடத்திலும் திட்டுவதில்லை. பேச விடுகிறார், அவ்வளவுதான். அதிலேயே அவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

டீச்சரம்மா என்று ஒரு பாத்திரம். வீட்டில் நோயாளிக் கணவர், மாமியார். பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, தண்ணீர் தூக்குகிற வேலை. வாழவே வேண்டாம் என்ற நிலைக்குப் போன ஜமுனாவிடம் அவள் தன் கதையைச் சொல்கிறாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. தன் வாழ்க்கை எப்படி ஆரம்பித்தது, எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்கிறாள். அதைக் கேட்ட பிறகு ஜமுனா எழுந்து அடுத்த நாளுக்குள் போகிறாள். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் யாரும் இந்த நாவலைப் பழைய கதை என்று சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் இதையே முதல் புத்தகமாகச் சொல்லலாமே? நான் அப்படிச் சொல்வதில்லை. அசோகமித்திரன் எதையும் அழுத்திச் சொல்லாதவர். ஜமுனாவின் வாழ்க்கையில் நடக்கிற பெரிய விஷயங்கள் எல்லாம் பேச்சுவாக்கில், அரை வரியில் கடந்து போகும். அந்த அரை வரியில் நிற்கத் தெரிவதற்குக் கொஞ்சம் வாசிப்புப் பழக்கம் வேண்டும். போனைத் தள்ளி ஓட்டியே பழகிய கண்ணோடு இதைப் படித்தால், தண்ணீர் வரவில்லை, அப்புறம் வந்தது, அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். நல்ல புத்தகம் அப்படி வீணாவதை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு மூன்று புத்தகங்களுக்குப் பிறகு வாருங்கள், அப்போது இது கொடுக்கும் நிறைவு வேறு.

பூமணியின் வெக்கைக்கு இப்போது அசுரன் படத்தின் வெளிச்சம் இருக்கிறது. 1982-ல் வந்த நாவல் இது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை வெட்டத்தான் நினைத்தான், உயிரே போய்விட்டது. முதல் பக்கமே அந்த ஓட்டத்தில்தான் தொடங்குகிறது. அப்புறம் அவனும் அய்யாவும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிற நாட்கள். கதை இவ்வளவுதான், பாத்திரங்களும் குறைவு. அதனால் நான்கு நாள் விட்டுவிட்டு வந்தாலும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உடனே பிடித்துக்கொள்ளலாம்.

படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் பெரிதாக வரும் அப்பாவின் இளமைக்கால வரலாறு நாவலில் அப்படி இல்லை. சண்டையும் குறைவு. நாவலில் நிறைந்திருப்பது சமையல். கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, கிடைத்ததை வேகவைத்து, மகனுக்கு எடுத்து வைக்கிற அய்யா. இந்த வயதில் கொலை செய்துவிட்டு நிற்கும் பிள்ளையை அவர் ஒரு முறைகூடக் குற்றவாளியைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பதில்லை. பசிக்கிறதா, தூங்கினாயா என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். வளர்ந்த மகன் உள்ள அப்பாக்களுக்கு இந்தப் புத்தகத்தை நான் தயங்காமல் கொடுப்பேன். ஒரே ஒரு தடை கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு. பேச்சு மட்டுமல்ல, செடி கொடி, பாத்திரம் பண்டம் எல்லாவற்றுக்கும் அந்த ஊர்ப் பெயர்தான் வரும். தஞ்சாவூர்க்காரருக்கோ கோயம்புத்தூர்க்காரருக்கோ முதல் இருபது பக்கம் கொஞ்சம் இடறும். புரியாததை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தால் தானாகவே பழகிவிடும்.

அதே கரிசல் மண்ணில் இன்னொரு புத்தகம் இருக்கிறது. அந்த மண் தெரியாதவரையும் இடறாமல் கூட்டிப்போகிறது. கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம், 1976. யாராவது என்னைக் கேட்டால் முதலில் நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

தொடக்கத்தில் ஒரு சம்பவம். கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்து போகிறாள் ஒரு கர்ப்பிணிப் பெண். தாகம். தண்ணீரில் இறங்குகிறாள். அவள் காதில் கிடக்கும் நகைக்காக ஒரு கள்ளன் அவளைத் தண்ணீருக்குள் அழுத்துகிறான். உயிர் போகும் நேரத்தில் அவன் கால் பெருவிரல் அவள் வாய்க்குள் வந்துவிட, கடித்துப் பிடித்துக்கொள்கிறாள். உயிர் போய்விடுகிறது, பல் மட்டும் விடவில்லை. செத்தவளின் வாயிலிருந்து விரலை உருவ முடியாமல், ஓடவும் முடியாமல், அவன் அந்தத் தண்ணீரிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறான். இதைப் படித்துவிட்டு யாராவது புத்தகத்தைக் கீழே வைப்பார்களா? அவனுக்கு என்ன தண்டனை என்று ஊர் கூடி முடிவு செய்கிற இடமும் அதற்குப் பிறகு வருவதும் நீங்களே படிக்க வேண்டியவை.

அங்கிருந்து கதை பின்னோக்கிப் போகிறது. தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு கூட்டம் ஏன் தெற்கே ஓடி வந்தது, அழகி சென்னாதேவியால் வந்த ஆபத்து என்ன, காட்டை அழித்து ஊரை எப்படி உண்டாக்கினார்கள் என்பதையெல்லாம் மங்கத்தாயாரு அம்மாள் என்ற முதுகிழவி சொல்லச் சொல்லக் கேட்கிறோம். தீவட்டிக் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள். பிறகு கும்பினி ஆட்சி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி, வந்து சேர்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம், ஆனால் எங்கேயும் சரித்திரப் பாடத்தின் வாடையே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பாட்டி சொல்லக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். கிழவி சொல்வதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அவள் சேர்த்தது என்று கி.ரா. பிரித்துக் காட்டுவதில்லை.

மற்ற ஐந்தையும் விட்டுவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், கி.ரா. எழுதுவது பேசுவது மாதிரி இருக்கிறது. அத்தியாயங்கள் குட்டிக்குட்டி. பேருந்தில் இரண்டு நிறுத்தத்துக்குள் ஒன்றை முடிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவமோ ஒரு விசித்திர மனிதரோ உண்டு. ஒரு வாரம் விட்டுவிட்டு எந்த இடத்தில் திறந்தாலும் கதை நம்மைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. பொன்னியின் செல்வனின் சுவாரசியம் இதில் இருக்கிறது, அதன் நீளம் இல்லை. அறத்தில் உள்ளது போலத் தனித்தனியாகப் படிக்கும் வசதி உண்டு, அந்தக் கனம் இல்லை. இன்னொரு நல்ல விஷயம், இதை வாய்விட்டுப் படிக்கலாம். வீட்டில் பெரியவர்களுக்குக் கண் தெரியவில்லை என்றால் இரவில் ஒரு அத்தியாயம் படித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்தி எங்கள் ஊரிலும் இப்படி ஒருத்தர் இருந்தார் என்று அவர்கள் தொடங்கிவிடுவார்கள். பழக்கம் விட்டுப்போன வீட்டில் புத்தகம் திரும்ப நுழைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நாயகன், நாயகி, ஒரே நேர்கோட்டில் போகும் கதை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். ஊர்தான் இங்கே கதாநாயகன். இடப்பெயர்வுக் கதையில் வரும் துலுக்க ராஜா பற்றிய சித்திரம், ஒரு சமூகம் தன் ஞாபகத்தில் சுமந்து வந்த ஒருபக்கக் கதை. அதை அப்படித்தான் வாசிக்க வேண்டும். நடந்த வரலாறு என்று எடுத்துக்கொண்டு யாரோடும் வாதத்துக்குப் போகக் கூடாது. கதையின் நடுப்பகுதியில் கோட்டையார் குடும்பத்து அண்ணன் தம்பிகளில் யார் எவர் என்று ஒரு சின்னக் குழப்பம் வரும், இரண்டு அத்தியாயத்தில் தெளிந்துவிடும்.

இந்த இடத்தில் மோகமுள் எங்கே, புயலிலே ஒரு தோணி எங்கே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தி. ஜானகிராமனின் கும்பகோணமும், ப. சிங்காரத்தின் மெடானும் பினாங்கும் நான் மறுபடி மறுபடி போய்வருகிற இடங்கள். ஆனால் மோகமுள் நிதானமாக ஊறிப்போய்ப் படிக்க வேண்டிய பெரிய நாவல். சிங்காரத்தின் நாவலோ, ஒரே பக்கத்தில் பல ஊர்ப் பேச்சும் பல காலமும் கலந்து வருவது. முதல் புத்தகமாக இரண்டும் வேண்டாம்.

ஆக, என் வரிசை இது. வேலைக்குப் போகிறவர், கிடைக்கிற நேரம் துண்டுதுண்டாக இருப்பவர்: கோபல்ல கிராமம், பிறகு வெக்கை, பிறகு தண்ணீர். மூன்றும் சின்னவை. மூன்றையும் முடித்தால் பழக்கம் திரும்பிவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். நாவலே வேண்டாம், ஒரு உட்காரலில் முடிய வேண்டும் என்பவர்: அறம், ஆனால் வாரத்துக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம். படம் பார்த்த ஆசையும் நீண்ட விடுமுறையும் இருப்பவர்: பொன்னியின் செல்வன், முதல் பாகம் மட்டும் வாங்கி. ஓய்வு பெற்றவர்: என் சரித்திரம், சென்னையில் அவர் பெயரில் உள்ள நூல்நிலையமே பதிப்பித்திருக்கிறது, அந்தப் பதிப்பைத் தேடி வாங்கலாம்.

இருபது வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு என்றால் வரிசை கொஞ்சம் மாறும். அவர்களுக்கு வெக்கைதான் முதலில். சிதம்பரம் அவர்கள் வயதுக்காரன், ஓடுகிறான், பயப்படுகிறான், அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்க்கிறான். தமிழில் படிப்பதே சிரமம் என்று சொல்லும் பிள்ளைகள்கூட அந்த ஓட்டத்தில் இருபது பக்கம் போய்விடுகிறார்கள். கோபல்ல கிராமத்தை அடுத்துக் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கி.ரா.வும் அசோகமித்திரனும் பெரும்பாலும் இருப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து முதல் இரண்டு அத்தியாயம் படியுங்கள், பிடித்தால் எடுத்து வாருங்கள், பிடிக்காவிட்டால் அடுத்ததைத் திறங்கள். கோபல்ல கிராமம் பிடித்துப்போனால் அதன் தொடர்ச்சியான கோபல்லபுரத்து மக்களையும் அப்போதே கேட்டு வையுங்கள். சாகித்திய அகாதெமி விருது 1991-ல் கிடைத்தது அதற்குத்தான். முதல் நாவலை முடித்த சூட்டிலேயே படித்தால் ஊர்க்காரர்கள் எல்லாரும் மனதில் இருப்பார்கள், யார் யார் என்று புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.